அம்மாவிடம் "வயசானா எங்க இருக்க ஆசை?" என்று கேட்டேன், "மண்டாயில" (சிங்கப்பூரில் தகனச்சாலை இருக்கும் இடம்) என்றார். விளையாட்டு வழியாகப் பேச்சைத் தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

துவாஸ்பறவை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76. அங் மோ கியோவில் பழைய மூவறை வீடு, ஏழாவது மாடி. அப்பா போய் ஆறு வருடமாகிறது, அதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். நான் பொங்கோலில், தங்கச்சி உட்லண்ட்ஸில். ஞாயிறு மத்தியானம் போவேன். சாப்பிட்டு, சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்து, டீ குடித்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன். பணிப்பெண் வேண்டாம் என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

தைப்பூசம் முடிந்த வாரம் பாத்ரூமில் விழுந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து, அதுவும் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) லிஃப்டில் என்னைப் பார்த்தபோது சொன்னதால். அம்மாவிடம் கேட்டேன்.

"விழுந்தீங்களாமே?"

"விழல. உக்காந்துட்டேன்."

"பாத்ரூம்லயா?"

"உக்கார எடம் பாத்துதான் உக்காருவாங்களா?"

அதோடு முடிந்தது.

நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன். எதற்கும் ஒரு படிவம் உண்டு, வேலை தொடங்குமுன் என்னென்ன ஆபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று முப்பது வருடமாகப் பழகிவிட்டேன். அதே புத்தியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, எல்பிஏ (நினைவு தப்பினால் அவருக்காக யார் முடிவெடுப்பது என்று முன்பே எழுதிவைக்கும் சட்டப் பத்திரம்), ஆஸ்பத்திரியில் யார் முடிவெடுப்பது, எங்களோடு வந்து இருப்பீர்களா. பத்து வருடம் கழித்து எங்கே வாழ ஆசை என்று மெதுவாக ஆரம்பிக்கச் சொல்லி எங்கோ படித்திருந்தேன். மெதுவாகத்தான் கேட்டேன். "மண்டாயில" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். தங்கச்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மக்சிக்கின் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று வீட்டில் இருந்த சொங்காக் பலகையை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லாங்குழிதான், ரெண்டு பக்கமும் ஒரு குழி கூட வச்சிருக்காங்க" என்றார். உண்மைதான், நமக்கு 14 குழி, அவர்களுக்கு இரண்டு பக்கக் கிடங்கும் சேர்த்து 16. அந்த இரண்டு பெரிய குழியில் ஒன்றில் அம்மா மூக்குக் கண்ணாடியை வைப்பார், இன்னொன்றில் மாத்திரைப் பெட்டி.

கூடவே 98 கண்ணாடிக் கோலியும் வந்தது. "கீழ் வீட்டுக்காரங்க ஏற்கெனவே மேல கோலி உருட்டுறாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருப்பாங்க, நெசமாவே உருட்டணுமா" என்று அதை அப்படியே ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார். தேக்காவில் கொட்டையோடு புளி வாங்கி, கரைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்து, 70 கொட்டை சேர்த்தார். குழிக்கு ஐந்து.

போன ஞாயிறு ஆடினோம். பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டம் என்று சின்ன வயதில் தொட்டதில்லை, 51 வயதில் கற்றுக்கொள்கிறேன். தோற்றேன், அது பெரிய விஷயமில்லை. ஆடிய முக்கால் மணி நேரத்தில் அம்மா பேசியதுதான் விஷயம். செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பு, அவருடைய அம்மா கடைசி இரண்டு வருடம் பாயில் கிடந்தது, யார் குளிப்பாட்டினார்கள், யார் வந்து பார்க்கவே இல்லை. இதில் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. தலை நிமிராமல், கொட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

என் கேள்வி இதுதான். இங்கிருந்து அவருடைய சொந்த விஷயத்துக்கு எப்படிப் போவது? கேள்விகளைச் சின்னச் சீட்டில் எழுதிக் குழிக்கு அடியில் வைத்துவிடலாம், குழி காலியானால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். நல்ல யோசனையா, இல்லை அம்மாவை ஏமாற்றுவதா? இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மாஒருவன் எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்பிஏவை மட்டும் புளியங்கொட்டைக்குக் காத்திருக்க வைக்காதீர்கள்.

என் அப்பாவிடம் நாங்களும் "நல்ல நேரம் பார்த்துக் கேட்கலாம்" என்றுதான் இருந்தோம். ஸ்ட்ரோக் வந்து பேச்சும் நினைவும் போன பிறகு எல்பிஏ செய்ய முடியாது, சுயநினைவோடு புரிந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அதற்கப்புறம் பிள்ளைகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதிகாரம் வாங்கவேண்டும். செலவும் மாதங்களும் போனது ஒரு பக்கம். அப்பா பேங்க் கணக்கிலிருந்து அப்பாவுக்கே பேம்பர்ஸ் வாங்க முடியாமல் நான்கு பிள்ளைகள் காசு போட்டு எழுதிவைத்தோம், யார் எவ்வளவு என்று. அந்த நோட்டால் வந்த சண்டை இன்னும் தீரவில்லை.

இன்னொன்று, உயிலில் எழுதினால் மத்திய சேமநிதிப் (சிபிஎஃப்) பணமும் அதில் அடங்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அடங்காது, அதற்குத் தனியாக நியமனம் செய்யவேண்டும். நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

---

மாலைநடை எழுதியது:

எங்கள் வட்டாரத்து துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் ஐந்து வருடமாகத் தொண்டூழியம் செய்கிறேன். செவ்வாய்க்கிழமை தமிழ் பேசுகிற ஆறேழு பேர் வருவார்கள். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

கோ விஷ் என்று ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது, அமெரிக்காவில் கோடா அலையன்ஸ் என்ற அமைப்பு உருவாக்கியது. 36 சீட்டு. உடம்பு மிகவும் மோசமாகும் காலத்தில் ஒருவருக்கு எதெல்லாம் வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி. வலி இல்லாமல் இருக்கவேண்டும், குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக்கூடாது, சிரிக்கும் குணம் போய்விடக்கூடாது, இப்படி. மிக முக்கியம், ஓரளவு முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று அடுக்காகப் பிரிக்கவேண்டும், அவ்வளவுதான். நான் அதைப் பார்த்து மணிலா அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் இருபது எழுதினேன். சிலவற்றை எடுத்துவிட்டு நம் ஆட்களுக்குத் தோதாகச் சேர்த்தேன்: "சாயங்காலம் விளக்கேற்ற ஆள் வேண்டும்", "நைட்டியோடு என்னை யாரும் பார்க்கக்கூடாது", "காலையிலிருந்து ஒலி 96.8 ஓடவேண்டும்".

முதல் வாரம் படுதோல்வி. என்ன ஆயிற்று என்றால், ஏழு பேரும் "பாரமாக இருக்கக்கூடாது" சீட்டை முதலில் வைத்தார்கள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எந்தச் சீட்டை எடுத்தாலும் "பிள்ளைங்க இஷ்டம்". நம் அம்மாக்களுக்கு அது ஒரு பதிலே இல்லை, கதவை மூடுகிற தாழ்ப்பாள். அடுத்த வாரம் அந்தச் சீட்டையே கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். "அது எல்லாருக்கும் உண்டு, தெரியும், மத்ததைப் பாப்போம்" என்றேன். அப்புறம்தான் ஆட்டம் சூடு பிடித்தது.

ஓர் ஐயா வானொலிச் சீட்டை "வலி இல்லாமல்" சீட்டுக்கு மேலே வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். பேரன் வந்து கைப்பேசியில் பாட்டுப் போட்ட அரை மணி நேரம்தான் மனிதனாக இருந்தேன் என்றார். அவர் மகனுக்கு இது தெரியாது. இப்படி ஒன்று வெளியே வந்தால் அதை ஏசிபி (முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்) செய்யும்போது சொல்லலாம். எல்பிஏ மாதிரி இது சட்டப் பத்திரம் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேசி, சிகிச்சையில் எது வேண்டும் எது வேண்டாம், அவரால் பேச முடியாதபோது யார் பேசவேண்டும் என்று குறித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியிலும் சில நிலையங்களிலும் செய்கிறார்கள்.

கைப்பிடிக்கு ஈஸ் திட்டம் இருக்கிறது, வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) திட்டம். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரராக இருந்து, வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் மனுப் போடலாம். கைப்பிடி, தரை வழுக்காமல் பூச்சு, சரிவுப் பலகை. 2024 ஏப்ரலிலிருந்து மடக்கு இருக்கை போன்றவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். குடிமக்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம், உங்கள் அம்மா வீட்டு அளவுக்குக் கையிலிருந்து போவது கொஞ்சம்தான்.

சீட்டைக் குழியில் வைப்பது பற்றி: ஒரு ஆட்டத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். அதையும் நீங்கள் முதலில் பதில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

---

பாட்டி74 எழுதியது:

நான் மறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 74, தோ பாயோவில் தனியாக இருக்கிறேன், விரல் மெதுவாகத்தான் ஓடும்.

என் மகள் போன வருடம் ஏதோ கேள்விச் சீட்டு விளையாட்டு வாங்கி வந்தாள். முதல் சீட்டைத் திருப்புமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் சோதனைக்கு முந்தின நாள் இருக்குமே, அந்த முகம். பாவமாக இருந்தது, அவளுக்காக இரண்டு சீட்டுக்குப் பதில் சொன்னேன். இரண்டும் பொய்.

ஏன் பொய் சொன்னேன்? தம்பி, உங்கள் அம்மா விழுந்ததை ஏன் மறைத்தார் என்று நீங்கள் யோசித்தீர்களா? விழுந்தேன் என்றால் கைப்பிடி. கைப்பிடிக்குச் சரி என்றால் அடுத்தது பணிப்பெண். அதற்கும் சரி என்றால் "எதுக்கும்மா உங்களுக்குத் தனி வீடு". நீங்கள் அப்படி நினைக்காமல் இருக்கலாம். நாங்கள் பார்த்திருக்கிறோம், எங்கள் புளோக்கிலேயே மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். ஒரு வாளியும் இரண்டு பெட்டியும் லிஃப்டில் இறங்கும், அப்புறம் வீட்டுக்குப் புது ஆள் டைல்ஸ் மாற்றுவான். அதனால் முதல் படியிலேயே நின்றுகொள்கிறோம். எங்களுக்கு வாய் இல்லாமல் இல்லை.

குழிக்குள் சீட்டு வைக்காதீர்கள். நல்ல ஆட்டத்தைக் கெடுக்காதீர்கள். கேள்வியே கேட்காமல் இரண்டு வாரம் ஆடுங்கள். முடிந்தால் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். 51 என்கிறீர்கள், முட்டி வலிக்காமலா இருக்கும்? எங்களுக்கு யோசனை சொல்லத்தான் பிடிக்கும், கேட்க இல்லை.

முந்தின பதிலில் எல்பிஏ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் செய்துவிட்டேன். மகளுக்காக இல்லை, என் தங்கை பையன் ஒருத்தன் ரொம்ப அன்பாக வர ஆரம்பித்தான், அதனால்.

பின்குறிப்பு: தனியாக ஆடுவதற்குச் சீதைப்பாண்டி என்று ஒன்று உண்டு, அசோக வனத்தில் சீதை ஆடியது என்பார்கள். வார நாட்களில் அம்மா அதை ஆடுகிறாரா என்று பாருங்கள்.

---

துவாஸ்பறவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாட்டிமா, உங்கள் பதிலை பஸ்ஸில் படித்துவிட்டு இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். சீட்டு யோசனையை மகளிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

---

துவாஸ்பறவை எழுதியது (மூன்று ஞாயிறு கழித்து):

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு ஞாயிறு சும்மா ஆடினோம். நான் தோற்றேன். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது கொட்டை விழுந்தால் போச்சு. என் பசுவை நான் பார்க்கமாட்டேன், அம்மா பார்ப்பார், ஆனால் சொல்லமாட்டார். ஐந்தாவதைப் போட்ட பிறகு "போச்சு, மாடு ஓடிடுச்சு" என்பார்.

மூன்றாவது ஞாயிறு தரையில் உட்காரப் போனேன், முட்டி பிடித்துக்கொண்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே. அம்மா பலகையைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார். பாட்டிமா சொன்னது ஞாபகம் வந்தது. "எனக்கு 76 ஆகும்போது இந்த முட்டியோட நான் எங்கம்மா இருப்பேன்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், திறந்துகொண்டது. பொங்கோல் வீட்டில் என்ன குறை என்று வரிசையாகச் சொன்னார். குளிக்கிற இடத்தில் கண்ணாடிக் கதவு, பிடிக்க ஒன்றுமில்லை. ரூமில் இருந்து பாத்ரூம் போகிற வழியில் மருமகளுடைய செருப்பு அலமாரி. "இப்பவே ரெண்டு கைப்பிடி போட்டு வச்சுக்க, அப்புறம் போடலாம்னு இருக்காத" என்றார். எனக்கு! நான் தலையை ஆட்டினேன். தங்கச்சி சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா கையில் ஐந்து கொட்டை இருந்தது. ஒன்றைப் போட்டார். "நான் விழுந்தது வழுக்கி இல்ல" என்றார். விழுந்தேன் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹீட்டர் சூடாகும்வரை வருகிற பச்சைத் தண்ணீரை அம்மா வாளியில் பிடித்துவைப்பார். வீணாக்கமாட்டார். குளித்துவிட்டு அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசல் திட்டைத் தாண்டி, ஹாலைக் கடந்து, காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். அப்பா வைத்த செடி. அன்றைக்கு வாளி நிறைந்திருக்கிறது, திட்டில் வாளி இடித்திருக்கிறது, இவர் பின்பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். உண்மையில் உட்கார்ந்துதான் விட்டார். என் தாளில் கைப்பிடி இருந்தது, விளக்கு இருந்தது, வாளி இல்லை. முப்பது வருடம் ஆபத்துப் படிவம் நிரப்பியவன் நான்.

கைப்பிடி போட ஒத்துக்கொண்டார். "ஆனா அதோட நிறுத்திக்கணும்" என்றார். வீட்டைப் பற்றி யாரும் பேசமாட்டோம் என்று நானும் தங்கச்சியும் சொன்னோம். காரணமும் அப்போதுதான் சொன்னார். உங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் உலகம் முடிந்துவிடுகிறது, இங்கே கேட்டுக்குள் உட்கார்ந்தால் காரிடாரில் யார் போகிறார்கள் என்று தெரிகிறது, மக்சிக் வருகிறார், மூணாவது வீட்டு சீனத் தாத்தா "சாப்பிட்டாச்சா" என்று தமிழிலேயே கேட்கிறார், அது போதும் என்றார். ஈஸுக்குப் போன புதன்கிழமை மனுப் போட்டாயிற்று. எல்பிஏவுக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும் போடச் சொல்லிவிட்டார், அடுத்த மாதம் டாக்டரிடம் கையெழுத்துக்குப் போகிறோம்.

ஏசிபி பற்றியும் வாய்விட்டேன், ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் உங்களால் பேச முடியவில்லை என்றால் யார் பேசவேண்டும்? யோசிக்கவே இல்லை. "தங்கச்சி. நீ அழுவ" என்றார். மூத்தவன் நான், கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. சொல்லி முடித்துவிட்டு என் பக்கத்துப் பசுவை நான் பார்க்காததால் ஓடவிட்டார்.

சீதைப்பாண்டி: கேட்கவில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன், பலகை மேசை மேல் இருந்தது, கொட்டைகள் நான் விட்டுப்போன மாதிரி இல்லை.

---

மாலைநடை எழுதியது:

வாளி! செவ்வாய்க்கிழமை எங்கள் ஆட்களிடம் கேட்கப் போகிறேன், யார் யார் வீட்டில் வாளி தூக்குகிறார்கள் என்று. மனுவில் பாத்ரூம் வாசல் திட்டைப் பற்றியும் சொல்லிவையுங்கள், உயரத்தைக் குறைக்க வழியிருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள்.

---

பாட்டி74 எழுதியது:

உங்கள் தங்கை விஷயத்தில் அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் மகனும் அழுவான், அதனால்தான் அவனிடம் வீட்டுச் சாவி மட்டும் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தச் செடிக்கு இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

---

துவாஸ்பறவை எழுதியது:

அவரேதான், பாட்டிமா. நான் ஒரு சின்ன வாளி வாங்கிக் கொடுத்தேன், அதை மக்சிக்குக் கொடுத்துவிட்டார். பழைய வாளியில் பாதிதான் பிடிக்கவேண்டும் என்று ஒப்பந்தம். போன ஞாயிறு எட்டிப் பார்த்தேன், முக்கால் இருந்தது.